வாசிப்புக்கு விலை குறித்த சட்டக்கோவை

பத்து வயதைக் கடந்து பதினான்கு வயதை அணுகும் ஒரு மாணவன் ஆங்கில மொழியில் எதனை வாசிக்க வல்லவனாதல் வேண்டும், எதனை எழுத வல்லவனாதல் வேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, ஆசிரியர்க்கும் பாடவிதானம் வகுப்போர்க்கும் மட்டுமே உரிய வினாவாகத் தோன்றும். ஆயின், இங்கிலாந்தின் கல்வி வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். அந்நாட்டிலே இவ்வினாவுக்குப் படிப்படியாக வகுக்கப்பட்டதும் நாடு முழுவதற்கும் பொருந்துவதுமான விடையொன்றை அளித்தவர்கள் ஆசிரியர்களல்லர். அரசாங்கத்தின் கல்விச் செலவினைக் கட்டுப்படுத்த முனைந்த அரசியலாளரே அவ்விடையை வகுத்தனர். 1862 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்திய சட்டக்கோவையே அவ்விடையாகும். ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்புக்கும், எழுத்துக்கும், கணக்குக்கும் அது தனித்தனியே விலை குறித்தது. பிள்ளை சித்தியெய்தினாற் பணம் கிடைக்கும். தவறினாற் பணம் குறையும். இம்முறையே 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' எனக் கல்வி வரலாற்றில் வழங்குகின்றது.

இம்முறை தோன்றிய சூழ்நிலையையும், அது வாசிப்பு எழுத்து என்பவற்றுக்குக் கற்பித்த பொருளையும், பிறமொழி பேசும் பிள்ளைகளிடத்து அது விளைத்த பயனையும், ஈழநாட்டில் அது வந்தடைந்த வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டக்கோவையின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஏழை மக்களுக்குரிய பாடசாலைகளைச் சமயச் சபைகளைச் சார்ந்த சங்கங்களே பெரும்பாலும் நடத்திவந்தன. 1833 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் முதன்முறையாக இருபதாயிரம் பவுண் பணத்தைப் பாடசாலைக் கட்டடங்களுக்கென ஒதுக்கியது. 1839 இல் கல்விக்கென மன்றாலோசனைக் குழுவொன்று அமைக்கப்பட்டது, வித்தியாதரிசிகளும் நியமிக்கப்பட்டனர். 1846 இல் மாணவ ஆசிரியர் முறை ஏற்படுத்தப்பட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கு அரசாங்கமே நேரடியாக வேதனத்தின் ஒரு பகுதியை வழங்கத் தொடங்கியது. இவற்றின் பயனாக, இருபதாயிரமாகத் தொடங்கிய நன்கொடை 1861 ஆம் ஆண்டளவில் எட்டு இலட்சம் பவுணுக்கு மேற்பட்டது. இதே காலத்தில் கிரிமியப் போரின் செலவும் நாட்டின் நிதிநிலையை அழுத்தியிருந்தது.

இந்நிலையிலேயே 1858 இல் நியூகாசில் பிரபுவின் தலைமையில் அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 1861 இல் வெளிவந்த அதன் அறிக்கை, பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் மிக இளம் வயதிலேயே கல்வியைக் கைவிடுகின்றனர் என்பதையும், ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவரிடத்து மிகுந்த கவனஞ் செலுத்திக் கீழ்வகுப்புப் பிள்ளைகளைப் புறக்கணிக்கின்றனர் என்பதையும் எடுத்துக்காட்டியது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் அடிப்படைத் திறன்களைப் பெருந்தொகையான பிள்ளைகள் செவ்வனே அடைவதில்லை என்பது அவ்வறிக்கையின் சாரம். பிள்ளைகளைத் தனித்தனியே சோதித்து, அச்சோதனையின் பெறுபேற்றுக்கு ஏற்ப நன்கொடையின் ஒரு பகுதியை வழங்கவேண்டும் என்பது ஆணைக்குழு கூறிய பரிகாரங்களுள் ஒன்று.

அக்காலத்திற் கல்வி அலுவலுக்குப் பாராளுமன்றத்திற் பொறுப்பாயிருந்தவர் றொபேட் லோ என்பவர். ஒக்ஸ்போட்டிற் கல்விகற்றவர், சுதந்திர வாணிகக் கொள்கையில் அழுத்தமான பற்றுடையவர், பின்னாளில் நாட்டின் நிதியமைச்சராகவும் விளங்கியவர். சந்தையிற் பொருளின் தரத்துக்கேற்ப விலை அமைவதுபோலக் கல்வியிலும் அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. புதிய முறை மலிவானதாக அமையாவிடின் பயனுடையதாக அமையும், பயனுடையதாக அமையாவிடின் மலிவானதாக அமையும் என்னுங் கருத்துப்பட அவர் பாராளுமன்றத்தில் மொழிந்தது இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. முதலில் அவர் வெளியிட்ட திட்டத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பின் காரணமாகச் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. பிள்ளைகளை வயதுவாரியாகச் சோதிக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டு, ஆறு தரங்கள் வகுக்கப்பட்டன. நன்கொடையின் ஒரு பகுதி வரவினை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வழங்கப்படும் என்பதும் ஏற்கப்பட்டது.

ஆறு தரங்கள்

அவ்வாறு தரங்களில் வாசிப்பும் எழுத்தும் எங்ஙனம் அமைந்தன என்பதை நோக்குதல் இன்றியமையாதது. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான சிறு கதையொன்றை வாசித்தல் வேண்டும். சொல்லப்படும் எழுத்துகளைக் கரும்பலகையிலோ சிலேற்றிலோ வரைதல் வேண்டும். இரண்டாந் தரத்தினன் பாடசாலையிற் பயிலும் தொடக்கநூலில் அடுத்த படியிலுள்ள பகுதியை வாசிக்க வேண்டும்; அச்சிட்ட வரியொன்றைப் பார்த்துக் கையெழுத்தில் எழுதவேண்டும். மூன்றாந் தரத்தினன் அந்நூலிலிருந்து ஒரு சிறு பந்தியை வாசித்து, அப்பந்தியிலிருந்தே ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகச் சொல்லக்கேட்டு எழுதவேண்டும். நான்காந் தரத்துக்குச் சற்று உயர்ந்த வாசிப்பு நூலின் பந்தியும், அந்நூலில் வேறோரிடத்திலிருந்து சொல்வதெழுதலும் விதிக்கப்பட்டன. ஐந்தாந் தரத்தில் மேல்வகுப்பு வாசிப்பு நூலிலுள்ள செய்யுள் வரிகள் சிலவற்றை வாசித்தலும், அந்நூல் வாக்கியமொன்றைச் சொல்லக்கேட்டு எழுதுதலும் இடம்பெற்றன. யாவற்றுக்கும் முடிவான ஆறாந் தரத்தில், செய்தித்தாளிலுள்ள சாதாரணப் பந்தியொன்றை வாசித்தலும், அதுபோன்ற பிறிதொரு பந்தியைச் சொல்லக்கேட்டு எழுதுதலும் எதிர்பார்க்கப்பட்டன.

இவ்வொழுங்கினை ஊன்றி நோக்குவோர்க்கு இரண்டு செய்திகள் தெளிவாகும். முதலாவது, வாசித்தல் என்பது வாய்விட்டு உரத்து வாசித்தலையே குறித்தது. வாசித்ததன் பொருளைப் பிள்ளை உணர்ந்ததா என்பதை அறியும் வினா எதுவும் இத்தரங்களில் விதிக்கப்படவில்லை. இரண்டாவது, எழுதுதல் என்பது கையெழுத்தையும் எழுத்துக்கூட்டலையுமே குறித்தது. ஆறு ஆண்டுகள் பாடசாலையிற் பயின்று வெளியேறும் பிள்ளை, தன் மனத்திலெழுந்த ஒரு கருத்தைத் தன் சொந்த வாக்கியமாக ஒருமுறையேனும் எழுதவேண்டும் என்னும் விதி அச்சட்டக்கோவையில் இல்லை. பிறர் சொன்னதை எழுதும் கையையும், பிறர் எழுதியதை ஒலிக்கும் நாவையுமே அது வேண்டிநின்றது.

பணக் கணக்கு

இனி இதன் நிதி ஏற்பாட்டை நோக்குவோம். சராசரி வரவினை ஆதாரமாகக் கொண்டு தலைக்கு நான்கு சிலிங் வழங்கப்பட்டது. இருநூறு தடவைக்கு மேல் வரவு பதிந்த, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலதிகமாக எட்டுச் சிலிங் கிடைக்கும்; ஆயின் வித்தியாதரிசியின் சோதனையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றனுள் ஒவ்வொன்றிலுந் தவறுந்தோறும் இரண்டு சிலிங் எட்டுப் பென்ஸ் குறைக்கப்படும். அறுபது பிள்ளைகளுள்ள ஒரு பாடசாலையிற் பத்துப் பிள்ளைகள் சொல்வதெழுதலில் மாத்திரம் தவறினார்கள் எனக் கொண்டால், அப்பாடசாலை ஒரு பவுண் ஆறு சிலிங் எட்டுப் பென்ஸை இழக்கும். முன்னர் ஆசிரியர்க்கு அரசாங்கம் நேரடியாக வழங்கிய பணம் இப்போது நிறுத்தப்பட்டு, நன்கொடை முழுவதும் முகாமையாளர் கைக்கே சென்றமையால், ஆசிரியரின் வேதனம் அவருடைய மாணவரின் நாவிலும் விரலிலும் தங்கியதாயிற்று.

செலவைக் குறைத்தல் என்னும் நோக்கம் உடனடியாகவே நிறைவேறியது. 1861 இல் எட்டு இலட்சம் பவுணுக்கு மேலிருந்த நன்கொடை 1865 இல் ஆறரை இலட்சத்துக்குக் கீழ் இறங்கியது. மாணவ ஆசிரியராகச் சேருவோர் தொகையுங் குன்றியது. லோ தாம் கூறிய இரண்டினுள் மலிவு என்பதை நிறைவேற்றினார் என்பதில் ஐயமில்லை. பயன் என்பதே விவாதத்துக்குரியதாயிற்று.

வகுப்பறையில் நிகழ்ந்த மாற்றம்

சோதனைக்குரிய வாசிப்பு நூல் பாடசாலையிற் பயிலும் நூலே என்பதனால், ஓராண்டு முழுவதும் ஒரே நூலைத் திரும்பத் திரும்ப வாசிப்பிக்கும் வழக்கம் எங்கும் பரவியது. நூல் முழுவதையும் மனனஞ் செய்துவிட்ட பிள்ளைகள், நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தவறின்றி 'வாசித்த' செய்திகள் அக்காலத்தைப் பற்றி நூல்களில் வழங்குகின்றன. புதிய நூலொன்றை எடுத்து வாசிப்பது ஆபத்தான செயலாயிற்று. ஏனெனில் அதில் அறியாத சொற்கள் இருக்கும். பிள்ளை ஒரே தரத்தில் இருமுறை சோதனைக்குத் தோற்றலாகாது என்னும் விதியும் இருந்தது. விரைந்து கற்கும் பிள்ளை ஆண்டுக்கொரு படியே ஏறினாற் போதுமாகையால் அதனை மேலும் ஊக்குவதில் ஆதாயமில்லை. மெல்லக் கற்கும் பிள்ளையோ ஆயத்தமின்றியே அடுத்த தரத்துக்குத் தள்ளப்பட்டது. வரலாறு, புவியியல் முதலிய பாடங்கள் பணம் ஈட்டாமையாற் பல பாடசாலைகளில் நலிவுற்றன.

இம்முறையை மிகக் கூர்மையாகக் கண்டித்தவர், அதனை நடைமுறைப்படுத்தும் பணியிலிருந்த ஒருவரே என்பது குறிப்பிடத்தக்கது. கவிஞரும் திறனாய்வாளருமான மத்தியு ஆணல்ட் 1851 முதல் 1886 வரை வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர். சட்டக்கோவை விவாதிக்கப்பட்ட 1862 ஆம் ஆண்டிலேயே அதனை மறுத்துக் கட்டுரை எழுதினார். பின்னர்த் தமது ஆண்டறிக்கைகளில், பொறிமுறைத் தந்திரங்களாற் சோதனை நடத்த முற்பட்டால் அத்தந்திரத்தில் ஈற்றில் வெற்றி பெறுபவர் ஆசிரியரே என்றும், உண்மையில் வாசிக்கவோ எழுதவோ அறியாத பிள்ளைகளையும் வாசிப்பிலும் எழுத்திலுஞ் சித்தியெய்தச் செய்தல் இயலுமென்றும் அவர் விளக்கினார். வாசிப்பின் பயன் வாசிக்க விரும்பும் மனத்தை உண்டாக்குதல். அம்மனத்தை அழித்துப் பெறும் சித்தி சித்தியன்று என்பதே அவருடைய வாதத்தின் உட்கிடையாகும்.

லோவின் பக்கத்து நியாயம்

எனினும், வரலாற்றாசிரியன் ஒருபக்கச் சார்பாகத் தீர்ப்பளித்தல் தகாது. திருத்திய சட்டக்கோவைக்கு முற்பட்ட பாடசாலைகளைப் பொற்காலமாகச் சித்திரிப்போர் நியூகாசில் ஆணைக்குழுவின் அறிக்கையை மறந்துவிடுகின்றனர். மேல்வகுப்பு மாணவர் சிலரை வித்தியாதரிசியின் முன்னிறுத்திப் பாடசாலையின் பெருமையைக் காட்டும் வழக்கம் முன்னர் நிலவியது. பின்வாங்கில் அமர்ந்திருந்த ஏழைச் சிறுவன் எழுத்தறிந்தானா என வினவுவார் இல்லை. சட்டக்கோவையோ, வரவு பதிந்த ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்துச் சோதித்தது. அப்பிள்ளையின் வாசிப்பும் கணக்கிற் சேரும் என்பதனால், ஆசிரியர் அப்பிள்ளையையும் கவனிக்க நேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கக் கற்றல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, எத்துணைக் குறுகியதாயினும், சட்டத்தின் வடிவில் எழுதப்பட்டமை ஒரு முன்னேற்றமேயாம். குறை எதிர்பார்ப்பை வகுத்ததில் இல்லை. வகுக்கப்பட்ட எதிர்பார்ப்பு எளிதில் அளக்கத்தக்கதாய் மட்டும் அமைந்ததும், அவ்வளவையோடு ஆசிரியரின் உணவு பிணைக்கப்பட்டதுமே குறையாகும்.

இக்குறை உணரப்படாமலும் இல்லை. 1867 இலிருந்து பிற பாடங்களுக்கும் நன்கொடை வழங்கப்பட்டது. 1870 களின் தொடக்கத்தில் தரங்கள் திருத்தப்பட்டபோது, ஆறாந் தரத்தில் ஒரு சிறு கட்டுரை அல்லது கடிதம் எழுதுதல் புகுத்தப்பட்டது. 1882 ஆம் ஆண்டின் சட்டக்கோவை ஏழாந் தரம் ஒன்றையும் சேர்த்தது. ஐந்தாந் தரத்தினன் இருமுறை வாசிக்கக்கேட்ட சிறுகதையின் சாரத்தை நினைவிலிருந்து எழுதவேண்டும். ஏழாந் தரத்தினன் சேக்ஸ்பியர், மில்ற்றன் போன்றோரின் பகுதியை வாசிக்கவும், கட்டுரை அல்லது கடிதம் எழுதவும் வேண்டும் என விதிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுள் எதிர்பார்ப்பு செய்தித்தாட் பந்தியிலிருந்து சேக்ஸ்பியர் வரை உயர்ந்தது. ஆயினும் பணமும் சோதனையும் பிணைந்திருந்த வரையிற் சேக்ஸ்பியரும் மனனத்துக்குரிய வரிகளாகவே மாறினார். 1886 இல் நியமிக்கப்பட்ட குறொஸ் ஆணைக்குழுவின் விசாரணைக்குப் பின்னர், 1890 ஆம் ஆண்டுச் சட்டக்கோவை தனிப்பிள்ளைச் சோதனைக்குரிய நன்கொடையைப் பெரும்பாலும் நீக்கியது. அந்நூற்றாண்டு முடியுமுன் இம்முறை இங்கிலாந்தில் மறைந்தது. ஆரம்பப் பாடசாலைகளின் தலைமை வித்தியாதரிசியாயிருந்து ஓய்வு பெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் என்பார் 1911 இல் வெளியிட்ட நூலில், முறை மறைந்தபின்னும் அது ஆசிரியரிடத்து ஊன்றிய பழக்கம் மறையவில்லை என வருந்தினார்.

வேல்ஸ் தரும் பாடம்

இங்கிலாந்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் தாய்மொழி. வாசித்ததன் பொருளை ஆசிரியர் கற்பிக்காவிடினும் ஓரளவேனும் அது தானே உணரும். ஆயின் இதே சட்டக்கோவை வேல்ஸ் நாட்டுக்கும் பொருந்துவதாயிற்று. அங்கே பல ஊர்களில் வெல்ஸ் மொழியன்றி வேறறியாத பிள்ளைகளே பாடசாலைக்கு வந்தனர். அவர்களுடைய தாய்மொழிக்குச் சட்டக்கோவையில் இடமில்லை. ஆங்கில வாசிப்புக்கே பணம். பிள்ளைகள் ஆங்கில நூலைத் தடையின்றி வாசிப்பர், ஆயின் வாசித்த வாக்கியத்தின் பொருளைக் கேட்டால் விடையறியார் என்னும் குறை 1847 ஆம் ஆண்டு வேல்ஸ் கல்வி பற்றிய ஆணையாளர் அறிக்கைகளிலேயே காணப்பட்டது. அக்குறையைப் போக்குவதற்குப் பதிலாக, திருத்திய சட்டக்கோவை அதற்கே நன்கொடை வழங்கி நிலைபெறச் செய்தது எனலாம். தாய்மொழியின் வாயிலாகவே ஆங்கிலத்தைச் செவ்வனே கற்பிக்கலாம் என வாதிட்ட சங்கமொன்று 1885 இல் அங்குத் தோன்றியது. அதன் முயற்சியால் 1880 களின் இறுதியிலிருந்து வெல்ஸ் மொழி பாடசாலையிற் படிப்படியாக ஏற்கப்பட்டது. அயல்மொழியை அறிவதற்குத் தாய்மொழியே ஏணி என்னும் உண்மை அனுபவத்தாற் பெறப்பட்டது.

ஈழநாட்டில்

வேல்ஸ் நாட்டைப் பற்றி இங்குக் கூறியதற்குக் காரணமுண்டு. இதே முறை ஏறக்குறைய இதே காலத்திற் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1865 இல் அமைக்கப்பட்ட மோகன் குழு 1867 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன்படி 1869 இல் மத்திய பாடசாலை ஆணைக்குழு நீக்கப்பட்டு, பொதுக்கல்விப் பகுதி நிறுவப்பட்டது. அதன் முதற் பணிப்பாளராக வந்த ஜே. எஸ். லோறி இங்கிலாந்தில் வித்தியாதரிசியாகப் பணியாற்றியவர். 1870 இலிருந்து உதவி நன்கொடைகள், சமய போதனையைக் கருதாது, உலகியற் பாடங்களில் மாணவர் பெறும் பெறுபேற்றுக்கு ஏற்ப வழங்கப்பட்டன. இதனால் மிசன் பாடசாலைகள் விரைந்து பெருகின. ஆங்கிலப் பாடசாலை, இருமொழிப் பாடசாலை, சுயமொழிப் பாடசாலை என்னும் மூவகைப் பிரிவு உறுதி பெற்றது. வகுப்பினை 'ஸ்ராண்டேட்' எனக் கூறும் வழக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நம் நாட்டு ஆங்கிலப் பாடசாலைகளில் நிலவியமை இம்முறையின் எச்சமேயாம்.

இம்முறை வருவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி நிலவவில்லை என எண்ணுதல் தவறு. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1855 இல் மூடப்படும் வரை, ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே உயர்நிலையிற் பயிற்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர்த் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குக் கற்றவரே. அங்கு ஆங்கிலம் கற்றோர் அம்மொழியில் அறிவியலையும் கணிதத்தையுங் கற்றனர். அஃதாவது, ஆங்கிலத்தை எதற்காகக் கற்றார்களோ அதற்காகவே அதனைப் பயன்படுத்தினர். தமிழ்ப் பக்கத்திலும், ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, படிப்படியாக உயரும் பாலபாடங்களைத் தெளிவான உரைநடையில் இயற்றினார். வாசிப்பு நூல் என்பது பொருளுணர்ந்து கற்றற்குரியது என்னும் எண்ணம் அப்பாடங்களின் அமைப்பிலேயே புலப்படும்.

மனனம் என்பது நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் நிகண்டையும் பொருளுணரா வயதிலேயே நெட்டுருச் செய்தனர். ஆயின் அம்மனனத்துக்கும் சட்டக்கோவை விளைத்த மனனத்துக்கும் பெரும் வேறுபாடுண்டு. திண்ணைப் பள்ளியில் மனனஞ் செய்தவை வாழ்நாள் முழுவதும் உடன்வரும் முதலாகக் கருதப்பட்டன; வயது ஏற ஏற அவற்றின் பொருள் விரியும். சட்டக்கோவையின் மனனமோ வித்தியாதரிசி ஊர் எல்லையைத் தாண்டும் வரைக்குமே உரியது. முன்னையது விதைநெல், பின்னையது அன்றாடக் கூலி. தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் இக்கூலி மனனத்தைப் பொருளறிவாகக் காட்டுதல் மிக எளிது. உச்சரிப்பு செவ்வையாயின் கேட்போர் மயங்குவர். வெல்ஸ் பிள்ளைக்கு நேர்ந்தது தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் நேர்வதற்கு எல்லா ஏதுக்களும் இங்கும் இருந்தன.

இவ்விடயத்திற் சமூக நீதி பற்றிய வினா ஒன்றும் அடங்கியுள்ளது. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்த காலம் அது. கட்டணம் செலுத்தி ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, வீட்டிலும் அம்மொழியைக் கேட்டு வளர்ந்த சிலர், பொருளறிவைப் பாடசாலைக்கு வெளியே பெற்றனர். கிராமத்துப் பிள்ளைக்கோ பாடசாலையன்றி வேறு கதியில்லை. பாடசாலை பொருளைக் கற்பியாது ஒலியை மட்டும் கற்பிக்குமாயின், அப்பிள்ளை சித்தியும் பெற்றுக் கதவுக்கு வெளியேயும் நிற்கும். 1943 ஆம் ஆண்டு வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கையும், 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாதலும் இவ்வநீதிக்கு எதிராக எழுந்தவையே. எனினும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவனிடம் எதனை எதிர்பார்க்கின்றோம் என்னும் வினா அவற்றால் முற்றாகத் தீரவில்லை.

பிற்கால நிகழ்ச்சிகள்

இங்கிலாந்தில் 1921 இல் வெளிவந்த நியூபோல்ட் அறிக்கை, ஆங்கிலம் பாடங்களுள் ஒன்று மாத்திரமன்று, எல்லாப் பாடங்களுக்கும் அடித்தளம் என வற்புறுத்தியது. 1975 ஆம் ஆண்டின் புல்லொக் அறிக்கை, வாசிப்பும் எழுத்தும் தனித்தனி உதிரித் திறன்களின் தொகுதியன்று, வாழ்க்கைக்குரிய மொழியின் வளர்ச்சி என்னும் நோக்கினை முன்வைத்தது. ஆயின் 1988 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசிய பாடவிதானத்தையும், குறித்த வயதுகளில் நாடளாவிய சோதனைகளையுங் கொணர்ந்தது. பதினான்கு வயது மாணவர்க்கான ஆங்கிலச் சோதனையை 1993 இல் ஆசிரியர் பகிஷ்கரித்தனர். பின்னர் அச்சோதனை நிலைபெற்று, சேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து முன்கூட்டியே குறிக்கப்பட்ட சில காட்சிகளை மாணவர் ஆண்டுதோறும் பயின்றனர். 2008 இல் அவ்வயதினர்க்கான சோதனை நிறுத்தப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலும் 2002 இல் நிறைவேறிய சட்டமொன்று, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் சோதனை நடத்தப் பணித்து, முன்னேறாத பாடசாலைகளுக்குத் தண்டனைகளையும் விதித்தது. 2015 இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

இந்நிகழ்ச்சிகளை 1862 ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் மறுபிறப்பு என முற்றாகக் கூறிவிடுதல் மிகையாகும். பிற்காலச் சோதனைகள் பொருளுணர்வையும் சொந்த எழுத்தையும் கேட்டன. அவற்றின் பின்னணியில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளும் கற்றல் வேண்டும் என்னும் நல்லெண்ணமும் இருந்தது. ஆயினும் ஓர் ஒற்றுமையை மறுத்தற்கில்லை. அளவுகோலுடன் பரிசும் தண்டமும் பிணைக்கப்படுமிடத்து, அளக்கப்படுவதே கற்பிக்கப்படும். அளக்கப்படாதது மெல்ல மெல்ல மறையும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். ஒன்று, மாணவனிடம் எதிர்பார்க்கும் தரத்தை வெளிப்படையாக எழுதிவைத்தல் தீமையன்று. அது பின்வாங்குப் பிள்ளைக்குப் பாதுகாப்பாகும். இரண்டு, அத்தரம் பொருளுணர்தலையும் தன் கருத்தைத் தன் சொல்லால் எழுதுதலையும் முதன்மையாகக் கொள்ளாவிடின், உரத்த வாசிப்பும் பிழையற்ற சொல்வதெழுதலும் வெறுங்கூடாகவே எஞ்சும். மூன்று, ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டில், தாய்மொழியிற் பொருளுணர்ந்து வாசிக்கும் பழக்கம் ஊன்றாத பிள்ளையிடம் ஆங்கில வாசிப்பை எதிர்பார்த்தல் அடித்தளமின்றி மாடி எழுப்புதல் போலாகும்.

கடிதங்களையும் கட்டுரைகளையும் மாதிரி நூலிலிருந்து நெட்டுருச் செய்து பரீட்சைத் தாளில் ஒப்பிக்கும் வழக்கம் நம் நாட்டு ஆங்கில வகுப்புகளில் இன்றும் காணப்படுகின்றது. அதனை மாணவனின் சோம்பலென்றோ ஆசிரியரின் திறமைக்குறைவென்றோ கடிந்துவிட்டு அமைதல் எளிது. ஆயின் அவர்கள், தம்மிடம் உண்மையாக எதிர்பார்க்கப்படுவது எதுவோ அதனைக் கூர்மையாக உணர்ந்தே ஒழுகுகின்றனர் என்பதை இவ்வரலாறு காட்டும். மத்தியு ஆணல்டின் காலத்து ஆசிரியரும் அங்ஙனமே ஒழுகினார். ஆதலின், மாணவன் ஏன் வாசிக்கவில்லை என வினவுமுன், நாம் அவனிடம் கேட்டது வாசிப்புத்தானா என நம்மை நாமே வினவுதல் கல்வியிற் கருத்துடையோர் அனைவர்க்கும் கடனாகும்.